பல்பு எரியுமுன் விடையை எழுதச் சொல்லுங்கள்

ஆன்லைன் வகுப்பில் சிமுலேஷன் (சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கிற மென்பொருள்) பயன்படுத்துகிறோம் என்று சொல்கிற பல இடங்களில் நடப்பது இதுதான். ஆசிரியர் தன் திரையைப் பகிர்கிறார். பேட்டரியை இழுத்து வைக்கிறார், வயரை மாட்டுகிறார், பல்பு எரிகிறது. “பாத்தீங்களா, எரியுதா?” என்று கேட்கிறார். நாற்பது பேரும் “எஸ் சார்” என்று சாட்டில் தட்டுகிறார்கள். அந்த நாற்பது பேருக்கும் அது இன்னொரு வீடியோ. கை வைத்துப் பார்த்தவர் ஆசிரியர் மட்டுமே.

ஒரு மாணவர் தன் விடையை முதலில் தாளில் எழுதிவிட்டு, அது சரியா தப்பா என்பதைத் தானே மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போதுதான் சிமுலேஷன் பாடம் நடத்துகிறது. இந்த வரிசை மாறினால் மிஞ்சுவது பொம்மைப்படம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பத்தாம் வகுப்புக்கு மாலையில் போனிலேயே திருப்புதல் வகுப்பு எடுப்பவர்கள், மழை விடுமுறையில் பாடத்தைத் தொடர்பவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய அளவில், ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன். மற்றவற்றை அதிலிருந்து நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

எந்த சிமுலேஷன் என்று தேடி அதிகம் அலைய வேண்டாம். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஃபெட் போதும். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம், கணக்குத் திறக்காமலே ஓட்டலாம். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. 9 முதல் 12 வரை செய்முறைத் தேர்வுக்குத் தயாராக, அமிர்தா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் உருவாக்கிய ஓலேப்ஸ். பொறியியல் மாணவர்களுக்கு ஐஐடிகளும் பிற நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் வெர்ச்சுவல் லேப்ஸ். நம் பாடநூலிலேயே பல பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பெட்டியும் கியூஆர் கோடும் இருக்கின்றன. போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் பெரும்பாலும் தாண்டிப் போகிற பக்கம் அது. அதைத் திறந்து பாருங்கள். ஃபெட்டுக்கும் ஜியோஜீப்ராவுக்கும் பல இடங்களில் அதுவே வழி காட்டும்.

போனில் ஓட வைப்பது

வகுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில், “சார், ஓபன் ஆகல” என்கிற இடத்தில். ஆகவே பாடத்துக்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஃபெட்டின் இன்றைய சிமுலேஷன்கள் ஒவ்வொன்றும் ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். அளவு சில எம்பிதான். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கை அண்ணன் தங்கையோடு பகிர்ந்துகொள்கிற வீட்டில் இது பெரிய விஷயம். முதல் நாள் இரவே கோப்பை வாட்ஸ்அப் குழுவில் டாக்குமென்டாக அனுப்பிவிடுங்கள். அதைத் தொட்டவுடன் சில ஆண்ட்ராய்டு போன்கள் தம்முடைய எச்டிஎம்எல் வியூவரில் திறக்கும். அந்த வியூவர் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, வெள்ளைத் திரைதான் வரும். மாணவர் ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று நினைத்துக்கொள்வார். ஃபைல் மேனேஜரில் போய் அதே கோப்பை அழுத்திப் பிடித்து, ‘ஓபன் வித்’ கொடுத்து, குரோமைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஐபோன் வைத்திருக்கும் ஓரிருவருக்குக் கோப்புக்குப் பதில் இணைப்பை அனுப்புவதே எளிது. எல்லாரும் திறந்து, போனைப் படுக்கவைத்துப் பிடித்து, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரவு ஒன்பதுக்குள் உங்களுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அனுப்பாதவர் யார் யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

வகுப்பு நேரத்தில் வீடியோவை அணைத்துவிடுங்கள், ஆசிரியர் உட்பட. குரல் மட்டும் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய முப்பது நாற்பது எம்பியில் முடிந்துவிடும். பழைய போனுக்கும் மூச்சு வாங்காது. அழைப்பு பின்னால் ஓட, முன்னால் சிமுலேஷன் ஓடும்.

திரைப் பகிர்வை நான் ஒதுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெட் மெதுவாக இருக்கும்போது பகிர்ந்த திரை தொடர்ச்சியாகப் போகாது, விட்டு விட்டுத்தான் போகும். சுற்றில் ஓடும் எலக்ட்ரான்கள் மறுமுனையில் தத்தித் தத்திப் போவதுபோலவும், சில நேரம் பின்னோக்கி ஓடுவதுபோலவும் தெரியும். திசையைக் கற்றுக்கொடுக்க வேண்டிய படம் திசையையே குழப்பிவிடும். அவரவர் போனில் ஓடினால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு வகுப்பு, நாற்பது நிமிடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நான்காம் பாடம் மின்னோட்டவியல். அதில் தொடர் இணைப்பும் (ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவது) பக்க இணைப்பும் (தனித்தனிப் பாதையில் மாட்டுவது). ஃபெட்டில் நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனை எடுத்துக்கொள்வோம். ஜூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் துண்டித்துவிடும். பாடத்தையும் அதற்குள் அடக்குவோம்.

முதல் ஐந்து நிமிடத்தில் கேள்வி. சிமுலேஷனை யாரும் தொடக் கூடாது. “ஒரு பேட்டரி, ஒரேமாதிரி இரண்டு பல்பு, தொடர் இணைப்பு. பேட்டரியின் பிளஸ் பக்கம் இருக்கிற பல்பு அதிகமாக எரியுமா, மைனஸ் பக்கம் இருக்கிறதா, இரண்டும் ஒரே அளவா? ஏன் என்று ஒரு வரி.” தாளில் எழுத வேண்டும். எழுதியதைப் போட்டோ எடுத்து ஆசிரியருக்குத் தனியாக அனுப்ப வேண்டும்.

இங்கே வாட்ஸ்அப்பிலேயே ஓட்டெடுப்பு வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். அதில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை எதைத் தொட்டதோ அதையே மற்ற முப்பது பேரும் தொடுவார்கள். கூகுள் ஃபார்ம் வைத்தால் பரவாயில்லை. அதுவும் முடியாதென்றால், எல்லாரும் விடையைச் சாட்டில் தட்டி வைத்துக்கொண்டு, நீங்கள் மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லலாம்.

வருகிற விடைகளில் ஒரு நல்ல பங்கு இப்படி இருக்கும்: “சார், மொதப் பல்பு கரன்ட்ட எடுத்துக்கிட்டா ரெண்டாவதுக்குக் கம்மியாத்தான சார் போகும்?” இதைக் கேட்டு உடனே திருத்திவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீர் முதல் வயலில் பாய்ந்தபின் கடைமடைக்குக் குறைவாகத்தான் வரும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இப்படித் தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். அந்த நினைப்பை நீங்கள் வாயால் மறுத்தால் அவர் நோட்டில் சரியான வரியை எழுதிக்கொள்வார், மனதில் பழையதையே வைத்திருப்பார். மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டர் மறுக்கட்டும்.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் கைவேலை. மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள். நான்கு பேர் ஆனால் ஒருவர் சும்மா இருப்பார், இரண்டு பேர் ஆனால் ஒருவர் நெட் போனதும் மற்றவர் தனியாகிவிடுவார். ஜூமில் சிறு குழுக்களாகப் பிரிக்கிற பிரேக்அவுட் அறை சரிவராவிட்டால் மூவரும் வாட்ஸ்அப்பில் குழு அழைப்புப் போட்டுக்கொள்ளட்டும். மூவரும் அவரவர் போனில் சுற்றை அமைக்க வேண்டும். ஒருவர் அளவுகளைச் சொல்ல, ஒருவர் தம்முடையதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க, ஒருவர் அட்டவணையில் எழுத வேண்டும்.

பேட்டரி 9 வோல்ட், பல்பின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் ஒரே பல்பு: அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். பிறகு இரண்டு பல்பு தொடராக. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதுக்குப் பின் என்று மூன்று இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் 0.45. இதுதான் வகுப்பின் உயிரான இடம். ‘முதல் பல்பு தின்றுவிடும்’ என்று எழுதியவர் நடுவில் வைத்துப் பார்ப்பார், பிறகு அம்மீட்டர் சரியில்லையோ என்று பின்னால் வைத்துப் பார்ப்பார், பிறகு திரும்ப முன்னால் வைப்பார். அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு பல்பின் முனைகளிலும் வோல்ட்மீட்டர்: தலா 4.5 வோல்ட். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கச் சொல்லுங்கள். தனியாக எரிந்தபோது 8.1 வாட், தொடரில் தலா சுமார் 2 வாட். மின்னோட்டம் பாதியாக, மின்னழுத்தமும் பாதியாக, திறன் கால்வாசி. திரையில் பல்பு ஏன் இவ்வளவு மங்கிப்போனது என்பதற்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

இப்போது இரண்டாவது கேள்வி, மறுபடியும் தொடாமல்: “அதே இரண்டு பல்பைப் பக்க இணைப்பில் மாட்டினால் பேட்டரியிலிருந்து வருகிற மின்னோட்டம் கூடுமா, குறையுமா?” இரண்டு பல்பு என்றால் இரண்டு தடை, அதனால் குறையும் என்று பலர் எழுதுவார்கள். மாட்டினால் 1.80 ஆம்பியர். தொகுபயன் மின்தடை 5 ஓம் ஆகிவிட்டது. இங்கே ஒரு முறையைக் கையாளலாம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கியது அது. கேள்விக்குச் சரியாக விடை எழுதியவர்கள் நூற்றுக்கு 30-க்குக் குறைவாக இருந்தால் அடிப்படையை மறுபடி சொல்ல வேண்டும். 70-க்கு மேல் இருந்தால் இரண்டு வரி விளக்கிவிட்டு மேலே போகலாம். இடைப்பட்ட வகுப்பில்தான், வெவ்வேறு விடை எழுதிய இருவரைப் பேசவிட்டு மறுபடி ஓட்டெடுப்பு வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை சொல்கிற காரணம் ஆசிரியர் சொல்வதைவிட எளிதாக ஏறும். அந்தப் பிள்ளை போன வாரம்தான் அதே இடத்தில் தடுக்கியிருக்கும்.

குழுக்கள் வேலை செய்யும்போது ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். விடை சொல்லாதீர்கள். “அம்மீட்டரை எங்கப்பா வச்ச?”, “அது ஏன் அங்க?” இந்த இரண்டு கேள்வி போதும்.

பத்து நிமிடம் எல்லாரும் திரும்பி வந்து பேசுவதற்கு. கடைசி ஆறு நிமிடம் உங்களுடைய விளக்கம். ஆமாம், விளக்கம் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் எல்லாருக்கும் ஒரு கேள்வி முளைத்திருக்கும், நீங்கள் சொல்கிற ஓம் விதி அதற்கு விடையாகப் போய் உட்காரும். ஆறு நிமிடம் என்பதற்கும் காரணம் உண்டு. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் நிலைத்து நிற்கிற நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது.

சிமுலேஷன் சொல்லாமல் விடுவது

நன்றாகச் செய்யப்பட்ட சிமுலேஷனும் சில தப்பான எண்ணங்களைப் புதிதாக விதைக்கும். ஆசிரியர் இவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, திசை. திறந்தவுடன் எலக்ட்ரான்கள் ஓடுவதாகக் காட்டும். புத்தகத்திலோ அம்புக்குறி பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு. ‘புத்தகம் தப்பா, போன் தப்பா’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். மரபு மின்னோட்டத்துக்கு மாற்றிக்கொள்ள அங்கேயே ஒரு தேர்வு இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வேகம். திரையில் எலக்ட்ரான்கள் சரசரவென்று ஓடும். நிஜத்தில் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் போனால், எலக்ட்ரான்களின் இழுப்பு வேகம் நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ நாலு மணி நேரம். அப்படியானால் சுவிட்சைப் போட்டவுடன் பல்பு ஏன் எரிகிறது? கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன, மின்புலம் சுற்று முழுதும் ஏறக்குறைய உடனே பரவி எல்லாவற்றையும் ஒருசேர நகர்த்துகிறது. பதினோராம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லி அனுப்புவது நல்லது.

மூன்றாவது, பேட்டரி. சிமுலேஷனின் பேட்டரி குறையே இல்லாத பேட்டரி. பக்க இணைப்பில் பத்து பல்பு மாட்டினாலும் முதல் பல்பு மங்காது. வீட்டில் டார்ச் செல்லில் செய்தால் மங்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிள்ளை ‘நெட்ல வந்தது பொய்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிமுலேஷனின் ஆய்வகப் பகுதியில் பேட்டரியின் அகமின்தடையை, அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கிற தடையை, கூட்டுகிற ஸ்லைடர் இருக்கிறது. அதை 3 ஓமில் வையுங்கள். ஒரே பல்பானால் 0.69 ஆம்பியர். இரண்டாவதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 0.56. பல்பு ஒவ்வொன்றின் திறனும் 4.8 வாட்டிலிருந்து 3.2 வாட்டுக்கு இறங்கும். இப்போது திரையும் டார்ச்சும் ஒரே கதை சொல்லும்.

நான்காவது, அம்மீட்டர். சிமுலேஷனில் இரண்டு வகை உண்டு. ஒன்று வயரின் மேல் வைத்தாலே அளவைக் காட்டிவிடும். வசதிதான், ஆனால் அம்மீட்டரைச் சுற்றைத் துண்டித்துத் தொடராக இணைக்க வேண்டும் என்கிற பாடம் போய்விடும். செய்முறைத் தேர்வில் 25 மதிப்பெண் காத்திருக்கிறது. தொடராக மாட்டுகிற வகையையே பயன்படுத்தச் சொல்லுங்கள். யாராவது அதைப் பேட்டரியின் இரு முனைக்கும் நேராக மாட்டுவார்கள், திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். மாட்டட்டும். அந்தத் தப்பைச் செய்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

அதே காரணத்தால்தான் இந்த எச்சரிக்கையை வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: திரையில் ஷார்ட் செய்யலாம், வீட்டில் செய்யக் கூடாது. சுவரில் இருப்பது 230 வோல்ட். செல்போன் பேட்டரியையும் பவர் பேங்கையும் பிரித்து முனைகளைத் தொடவைக்கக் கூடாது. இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள், ஒருமுறை சொன்னோமே என்று விடாதீர்கள்.

மறுநாள் கையில் ஒரு பொருள்

திரையில் முடித்ததை ஒருமுறையாவது கையால் தொட வேண்டும். இரண்டு பென்டார்ச் செல், ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு முழம் வயர், செல்லோடேப். ரெசிஸ்டர் ஓரிரு ரூபாய்தான். அதன் வளையங்கள் பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று இருக்கும். இரண்டு செல் தொடராகச் சேர்ந்தால் 3 வோல்ட். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 10 மில்லிஆம்பியர். எல்இடிக்கு இது பாதுகாப்பான அளவு.

ஒரே செல்லில் எல்இடி எரியாது. திருப்பி மாட்டினாலும் எரியாது. நீளமான கால் பிளஸ் பக்கம். பிள்ளைகள் ‘எல்இடி போச்சு’ என்று எறிந்துவிடுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவில் கட்டுகிற சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே அணைகிறதே, அது ஏன், வீட்டில் ஃபேனை நிறுத்தினால் லைட் மட்டும் ஏன் அணையவில்லை என்ற இரண்டு கேள்வியையும் அன்றைய வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். தொடர், பக்க இணைப்பு என்று புத்தகத்தைப் பார்த்து எழுத முடியாது, யோசித்துத்தான் எழுத வேண்டும்.

சிமுலேஷனே போதும், ஆய்வகம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கொலராடோவில் 2005-இல் வந்த ஆய்வு ஒன்றை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பல்பு, வயருக்குப் பதிலாகச் சுற்று சிமுலேஷனில் பயின்ற மாணவர்கள், பிறகு நிஜப் பல்பையும் வயரையும் கொடுத்தபோது, நிஜப் பொருளிலேயே பயின்றவர்களைவிட நன்றாகச் சுற்றை அமைத்து விளக்கினார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை முடிந்ததே நிஜ வயரில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருத்தைப் பிடிக்க சிமுலேஷன் முந்துகிறது, காரணம் எலக்ட்ரான் ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, தளர்ந்த வயர் நேரத்தைத் தின்பதில்லை. கைப்பழக்கம் வேறு. தரம்பார்த்தலில் கடைசிச் சொட்டை எப்போது நிறுத்துவது, பியூரெட்டில் கண்ணை எந்த மட்டத்தில் வைப்பது, உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியா வாசனை எது என்பதெல்லாம் திரையில் வராது. ஓலேப்ஸில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குப் போகிற பிள்ளை படிநிலைகளைத் தேடிக்கொண்டு நிற்காது, அந்த நேரம் கைக்குக் கிடைக்கும். அந்த அளவுக்கு எதிர்பார்ப்பதே நியாயம்.

“சார் நடத்தவே மாட்டேங்குறாரு”

இப்படி நடத்தினால் இரண்டாவது வாரம் ஒரு பெற்றோர் போன் செய்வார். “சார், நீங்க நடத்துறதே இல்லையாம், புள்ளைங்களே பேசிக்குதாம்.” கோபப்படாதீர்கள். இது உலகம் முழுக்க இருக்கிற உணர்வு. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே செய்து பார்த்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால், அழகாகப் பேசிக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றோம் என்று அவர்களே நினைத்தார்கள். மண்டை குடைகிற வகுப்பு கற்காத வகுப்பு போலத் தோன்றும், வழுக்கிக்கொண்டு போகிற வகுப்பு எல்லாம் புரிந்ததுபோலத் தோன்றும்.

அறிவியல், கணித, பொறியியல் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த அறிக்கை கண்டது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 34, செயல்வழி வகுப்புகளில் சுமார் 22. இந்த எண்களைப் பெற்றோரிடம் அப்படியே சொல்ல வேண்டியதில்லை. முதல் வகுப்புக்கு முன்னாலேயே, “முதல் பாதி பிள்ளைங்க செய்வாங்கம்மா, கடைசியில நான் சொல்லுவேன். ரெண்டு வாரம் பாருங்க” என்று ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டால் போதும்.

பிள்ளைகளுக்குப் பிடிவாதமாகத் தேவைப்படுவது நோட்ஸ். அதை நிறுத்திவிடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் அரைப் பக்கம், அன்றைக்கு அவர்கள் அளந்த அதே எண்களோடு எழுதி அனுப்புங்கள். தேர்வுக்குப் படிக்க அது வேண்டும்.

வீட்டுப்பாடத்தில் ஒரே ஸ்கிரீன்ஷாட் முப்பது பேரிடமிருந்தும் வருவது அடுத்த சிக்கல். இதற்கு எளிய வழி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண். பதிவெண்ணின் கடைசி இலக்கத்தோடு 5-ஐக் கூட்டினால் பேட்டரியின் வோல்ட். பதிவெண்ணே ரெசிஸ்டரின் ஓம். பதிவெண் 27 என்றால் 12 வோல்ட், 27 ஓம், விடை 0.44 ஆம்பியர். பதிவெண் 31 என்றால் 6 வோல்ட், 31 ஓம், 0.19 ஆம்பியர். ஸ்கிரீன்ஷாட்டோடு பத்து நொடிக் குரல் செய்தியும் வேண்டும்: “மின்தடையை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும், ஏன்?” விடைத்தாளைத் திருத்துவதைவிடக் குரலைக் கேட்பது சீக்கிரம் முடியும். யார் புரிந்து சொல்கிறார், யார் வாசிக்கிறார் என்பது மூன்றாவது நொடியிலேயே தெரிந்துவிடும்.

பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைக் கற்பிப்பவர்கள், டிங்கர்காட் என்ற இணையச் சுற்று சிமுலேஷனை இதே வரிசையில் பயன்படுத்தலாம். ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை 9 வோல்ட்டில் மாட்டினால் அது வெடிப்பதாகக் காட்டும், 20 மில்லிஆம்பியர்தான் பரிந்துரை என்றும் சொல்லும். முதலில் மின்னோட்டத்தைக் கணக்குப் போட்டு எழுதியபிறகுதான் ஓட்டுகிற பட்டனைத் தொடலாம் என்று விதி வையுங்கள். போனில் இது சரியாக ஓடாது, லேப்டாப் வேண்டும்.

மொட்டை மாடியில் ஒரு குச்சி

மின்சாரத்தை விட்டு வேறொன்று. மதுரைக்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. “நண்பகலில் நம் நிழல் எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்டுப் பாருங்கள். ‘பன்னிரண்டு மணிக்கு நிழலே இருக்காது’ என்றுதான் பலரும் எழுதுவார்கள்.

ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானியல் சிமுலேஷனில் இடத்தை மதுரை என்று வைக்கச் சொல்லுங்கள். மதுரையின் அட்சரேகை ஏறத்தாழ 9.9 டிகிரி வடக்கு. ஜூன் 21, டிசம்பர் 21, ஏப்ரல் 16 ஆகிய மூன்று நாளிலும் சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் உயரத்தையும் திசையையும் படித்து எழுத வேண்டும். ஜூனில் சூரியன் தலைக்கு மேலிருந்து 13.5 டிகிரி வடக்கே தள்ளி நிற்கும். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 24 சென்டிமீட்டர், தெற்கே. டிசம்பரில் 33 டிகிரி தெற்கே. நிழல் 66 சென்டிமீட்டர், வடக்கே. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில், ஏப்ரல் 16 வாக்கிலும், மறுபடி ஆகஸ்ட் 27 வாக்கிலும் மட்டும்தான் நிழல் குச்சியின் காலடிக்குள் போகும். அதுவும் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, மதுரை சுமார் 78.1 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஏப்ரலில் 12.17 மணி வாக்கில், ஆகஸ்ட் கடைசியில் அதைவிட ஓரிரு நிமிடம் தாமதமாக.

பிறகு மாடிக்குப் போகச் சொல்லுங்கள். எந்த மாதமானாலும் சரி. சிமுலேஷனில் அன்றைய நாளைப் போட்டு, நிழலின் நீளத்தையும் திசையையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, 11.50 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளில் மிகக் குட்டையான நிழல் எதுவோ அதுதான் உச்சி நேரம். எழுதிய அளவுக்கும் அளந்த அளவுக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் காரணம் குச்சி சாய்ந்திருப்பது. ஒரு டிகிரி சாய்ந்தாலே நுனி 1.7 சென்டிமீட்டர் விலகிவிடும். பூட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, குச்சி அந்த நூலோடு இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒட்டி நிற்கிறதா என்று சரிபார்த்தபின் புள்ளி வைக்கத் தொடங்கலாம். வட்டக் குச்சியைவிட நுனி கூராகச் சீவிய குச்சி நல்லது. தடித்த நுனியின் நிழல் விளிம்பு மங்கித் தெரியும், எங்கே புள்ளி வைப்பது என்று குழுவுக்குள் சண்டை வரும்.